ஒண்ணாம் நம்பர் காலேஜ்

நாட்டில் இருக்கிற சட்டக் கல்லூரிகளில் எது நல்ல கல்லூரி, எது சுமார் என்று என்னிடம் கருத்துக் கேட்டார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் முழுதாக முடிக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. இன்று ஆம்பூருக்குப் பக்கத்தில் என் கம்பெனியில் முந்நூறு பெண்கள் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு நடக்கிற வெள்ளைக்காரனுக்கு நான் எத்தனையாவது படித்தேன் என்று தெரியாது. தெரிந்தாலும் ஷூ அவன் காலைக் கடிக்கப் போவதில்லை.

போன வருடம் ஒரு நாள் முற்பகலில் அந்த போன் வந்தது. நான் கட்டிங் ஹாலில் நின்றிருந்தேன். தோலை அச்சு வைத்து வெட்டுகிற மெஷின்கள் வரிசையாக டொம் டொம் என்று அடித்துக்கொண்டிருந்தன. பேசியது ஒரு சின்னப் பெண்.

"வணக்கம் சார். ஒரு மேகசீனுக்காக லா காலேஜ் ரேங்கிங் சர்வே பண்றோம். நீங்க ஒரு எம்ப்ளாயர். உங்க கருத்து வேணும் சார்."

"என் நம்பர் யாரும்மா குடுத்தாங்க?"

"உங்க அசோசியேஷன் டைரக்டரியிலேர்ந்து எடுத்தோம் சார்."

"எனக்கு லா தெரியாதேம்மா."

"லா தெரிய வேணாம் சார். நான் காலேஜ் பேரு சொல்றேன், நீங்க மார்க் மட்டும் சொல்லுங்க. ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும்."

அதற்கு மேல் ஏதோ விளக்கினாள். மெஷின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கேட்டே ஆக வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. மார்க் போடுவது என் பிழைப்பு. எனக்கு யார் விளக்க வேண்டும்?

மேல்விஷாரத்தில் ஒரு பாயின் தோல் பதனிடுகிற டேனரியில் உப்புத் தோல் சுமக்கிற கூலியாகத்தான் சேர்ந்தேன். என்னோடு சுமந்தவர்கள் பலர் கடைசி வரை சுமந்துகொண்டே இருந்தார்கள். நான் செலக்சன் மேஜைக்கு ஏறிவிட்டேன். தோலை மேஜை மேல் விரித்து, வெளிச்சத்தில் பார்த்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, இது எத்தனையாம் நம்பர் என்று சொல்கிற வேலை. முள் கீறல், உண்ணிக்கடி எதுவும் இல்லாத சுத்தமான தோல் ஒன்றாம் நம்பர். கொஞ்சம் குறை இருந்தால் இரண்டு, மூன்று. சூடு போட்ட தழும்பு, கத்தி வெட்டு என்று குறை ஏற ஏற நம்பரும் ஏறும். ஆறைத் தாண்டினால் ரிஜக்சன். நான் ஒன்று என்று சொன்ன தோலை, சரக்கு வாங்குகிற எந்த பையரும் திருப்பி அனுப்பியது கிடையாது. சொந்தக் கம்பெனி வைத்து இத்தனை வருடம் ஆகியும் ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் என்னை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலாளி என்று கூப்பிட ஆயிரம் பேர் கிடைப்பார்கள். மேஸ்திரி என்பது சம்பாதித்த பெயர்.

அந்தப் பெண் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தாள். முதலில் பெங்களூரில் ஒரு கல்லூரி. பேப்பரில் பெயர் பார்த்த ஞாபகம் இருந்தது. "ரெண்டு போட்டுக்கோ" என்றேன். டெல்லியில் ஒன்று. தலைநகரம் ஆயிற்றே, அதற்கும் இரண்டு. அப்புறம் வாயில் நுழையாத ஒரு ஊர்.

"அது எங்கம்மா இருக்குது?"

"தெரியல சார்."

"கட்டடமாவது பெருசா?"

"நான் போனதில்ல சார். லிஸ்ட்ல இருக்கு."

"நீயும் பாக்கல, நானும் பாக்கல. நடுவுல போடு. அஞ்சு."

கடைசியில் எங்கள் பக்கத்துக் கல்லூரிகள் வந்தன. முதலில் அரசுக் கல்லூரி. என் கம்பெனி இடத்தின் மேல் ஒருத்தன் பொய் வழக்குப் போட்டபோது எனக்காக வாதாடி ஜெயித்த வக்கீல் அங்கே படித்தவர். கோர்ட்டில் அவர் எழுந்து நின்றால் எதிர்த்தரப்பு வக்கீல் தண்ணீர் குடிப்பார்.

"ஒண்ணு" என்றேன்.

"ஒண்ணா சார்? நிச்சயமாவா?"

"யோசிக்கவே வேணாம்மா. ஒண்ணு."

அடுத்தது நெடுஞ்சாலை ஓரத்துத் தனியார் கல்லூரி ஒன்று. எங்கே, எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. அவர்களும் பிழைக்க வேண்டும். அந்தக் கல்லூரி பஸ் தினமும் காலையில் என் கம்பெனிப் பெண்கள் வருகிற ஷேர் ஆட்டோவை ரோட்டை விட்டே இறக்கிவிட்டுப் போகும். பஸ் ஓட்டுகிறவனுக்கே சட்டம் சொல்லித் தராதவர்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருவார்கள்?

"ஒம்போது" என்றேன்.

"ஓ, நைஸ் சார்! ரொம்ப தேங்க்ஸ்."

மரியாதை தெரிந்த பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

சத்துவாச்சாரியில் என் வீட்டுக்கு வந்து அன்று சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். சட்டக் கல்லூரிக்கே மார்க் போட்டேன், நல்லதை நல்லது என்றேன், மோசத்தை மோசம் என்றேன். என் மனைவி ரசத்தை ஊற்றியபடி, "உங்களயா கேட்டாங்க? அவங்களுக்கு வேற ஆளே கெடைக்கலயா?" என்றாள். என் மகள் சிரித்தாள். கடைக்குட்டி. அண்ணன்மார் இருவரும் கம்பெனியில் இருக்க, இவள் மட்டும் நைனாவை எதிர்த்துப் பேசுகிற உரிமையைப் பிறக்கும்போதே எடுத்துக்கொண்டு வந்தவள்.

அவள் பி.காம் முடித்துவிட்டு இரண்டு வருடம் கம்பெனி ஆபீசில் உட்கார்ந்திருந்தாள். பெண்களின் பி.எஃப், ஈ.எஸ்.ஐ பேப்பர் எல்லாம் அவள் கையில். சம்பள நாளில் அவள் மேஜையைச் சுற்றி எப்போதும் கூட்டம். புருஷன் விட்டுட்டுப் போய்ட்டான், பேங்க் நாமினியில் பெயர் மாற்ற முடியுமா என்று ஒருத்தி கேட்பாள். மாமியார் வீட்டில் நகையைத் தர மறுக்கிறார்கள் என்று இன்னொருத்தி அழுவாள். ஒரு நாள் மாலை என் மகள் ஃபைலை மூடிவிட்டு, "நைனா, இதுங்களுக்கு நான் சொல்ற பதில் எல்லாமே 'எனக்குத் தெரியலக்கா'தான். எனக்குப் பேஜாரா இருக்கு. நான் லா படிக்கப் போறேன்" என்றாள்.

படி என்றேன். என் பிள்ளைகளில் வக்கீல் ஒன்று இருந்தால் கெட்டுப் போகாது என்று எனக்கும் இருந்தது.

இந்த வருடம் அவளுக்கு அதே அரசுக் கல்லூரியில் மூன்று வருடப் படிப்புக்கு இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் நேரில் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் சர்ட்டிபிகேட்டுகளை நகல் எடுத்து, போட்டோ ஒட்டி, எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள்.

அந்த வாரம்தான் நெடுஞ்சாலையில் அந்த பேனரைப் பார்த்தேன். மேம்பாலம் ஏறுகிற இடத்தில், மூன்று மாடி உயரத்துக்கு. அந்தத் தனியார் கல்லூரியின் படம், கோட்டு போட்ட பிள்ளைகள், நடுவே தமிழில் கொட்டை எழுத்து: 'தொழில்துறையினர் பார்வையில் முதலிடம்.' பக்கத்தில் மேகசீனின் அட்டைப் படம்.

காரைத் திருப்பி, காட்பாடி ஸ்டேஷன் கடையில் போய் அந்த மேகசீனை வாங்கினேன். இங்கிலீஷ் எழுத்து எனக்குப் பிடிபடாது. வரிசை நம்பர் பிடிபடும். கடைக்காரரிடம் அந்த இரண்டு கல்லூரிப் பெயரையும் விரலால் தொட்டுக் காட்டச் சொன்னேன். தனியார் கல்லூரி முதல் பக்கத்திலேயே இருந்தது. அரசுக் கல்லூரி பக்கத்தைத் திருப்பி, கீழே தேடிப் பிடிக்க வேண்டிய இடத்தில்.

நான் ஒன்று போட்ட கல்லூரியை ஊரே கீழே தள்ளியிருக்கிறது. நான் ஒன்பது போட்டதை ஊரே தலையில் தூக்கி வைத்திருக்கிறது. தோலில் என் கண் தப்பாது. ஆனால் படிப்பு விஷயம் வேறு. ஜட்ஜுகள், பெரிய கம்பெனிக்காரர்கள், படித்தவர்கள் எல்லாம் சேர்ந்து சொல்லியிருக்கும்போது, நான் பஸ் ஓட்டுகிற லட்சணத்தைப் பார்த்து மார்க் போட்டவன். என் கண்ணைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்தவன் கண்ணை நம்பியது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து மேகசீனை மகள் முன்னால் போட்டேன்.

"நீ இந்தக் காலேஜ்ல சேரு. நான் பேசறேன்."

அவள் புரட்டிப் பார்த்தாள். "ரேங்க பாத்து நான் என்ன பண்றது நைனா? நான் ஆம்பூர் கோர்ட்ல, வேலூர் கோர்ட்ல ப்ராக்டிஸ் பண்ணப் போறவ. கவர்மெண்ட் காலேஜ்ல படிச்சா சாயந்தரம் ஒரு சீனியர் வக்கீல்கிட்ட போய் உக்காரலாம். அந்த மேடம் வரச் சொல்லிட்டாங்க. தொழிலாளர் கேஸ் மட்டுமே பாக்கறவங்க."

"அதெல்லாம் அப்பறம். கல்யாணத்துல நாலு பேரு கேட்டா, என் பொண்ணு கடைசி காலேஜ்ல படிக்கிறான்னு சொல்லவா?"

"கல்யாணத்துல கேக்கறவங்களா எனக்கு கேஸ் குடுக்கப் போறாங்க?"

"ரெண்டாம் நம்பர் தோல வெச்சி ஒண்ணாம் நம்பர் ஷூ தைக்க முடியாது" என்றேன்.

"நான் தோல் இல்ல நைனா."

அவள் அம்மா இரண்டு பேரையும் பார்த்து, "போய் ஒரு தடவ பாத்துட்டுத்தான் வாங்களேன். பாக்கறதுக்கு காசா பணமா?" என்றாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை போனோம்.

நன்றாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். வாசலில் கிரானைட், உள்ளே ஏசி, பிள்ளைகள் வாதாடிப் பழக ஜட்ஜ் நாற்காலி போட்ட ஒரு பொய்க் கோர்ட்டு. அட்மிஷன் மேடம் ஒருத்தர் மோர் கொடுத்து வரவேற்று, லைப்ரரியைக் காட்டினார். நான் அவ்வளவு புத்தகத்தை ஒரே அறையில் பார்த்ததில்லை. கூரை வரைக்கும் சிவப்பு அட்டை. என் மகள் ஓர் அலமாரிப் பக்கம் போனாள். ஒரு புத்தகத்தை எடுத்தாள், வைத்தாள். பக்கத்துப் புத்தகத்தை எடுத்தாள். அதற்குப் பக்கத்தில் இருந்ததையும்.

"மேடம், இந்த வரிசை முழுக்க ஒரே புக்கா இருக்கே?"

"ஸ்டூடண்ட்ஸ் ஜாஸ்தி இல்லம்மா."

"பிளாஸ்டிக் கவரே பிரிக்கலியே?"

"ரேங்கிங்ல மொத்தம் எத்தன புக்குன்னுதாம்மா கேப்பாங்க. எத்தன டைட்டில்னு கேக்க மாட்டாங்க" என்று அந்த அம்மா மறைக்காமல் சொல்லிவிட்டார். நல்ல மனுஷி.

டோக்கன் கொடுக்கிற மேஜையில் வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட்டில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். வக்கீலுக்குப் படித்து முடித்தவனாம். என் மகள் விடவில்லை.

"நீங்க இங்கயே படிச்சீங்களாண்ணா?"

"ஆமாங்க. போன பேட்ச்."

"இப்ப இங்கயே வேலையா?"

"அடுத்த சர்வே முடியற வரைக்கும் போட்டிருக்காங்க. படிச்சு முடிச்சவங்க எத்தன பேரு வேலையில இருக்காங்கன்னு கேப்பாங்க இல்ல? எங்க பேட்ச்ல நெறைய பேரு இங்கதான். ஒருத்தன் லைப்ரரில, ஒருத்தன் ஹாஸ்டல்ல. அப்பறம் கோர்ட்டுக்குப் போய்டுவோம்."

என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். 'கேட்டீங்களா?' என்பது போல. கேட்டேன். ஆனால் எனக்கு அது பெரிய குற்றமாகப் படவில்லை. பையர் ஆடிட்டுக்கு வருகிற அன்று நாங்களும்தான் சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம், முதலுதவிப் பெட்டியில் புதுப் பஞ்சு வைக்கிறோம். கடை வைத்தவன் அலங்காரம் பண்ணுவான். அதற்காகச் சரக்கு மோசம் என்று ஆகிவிடுமா? படித்தவர்கள் சொன்ன மதிப்பு ஒன்று இருக்கிறதே, அதற்கு என்ன பதில்?

காரில் இதைச் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. "சரி நைனா, உங்க இஷ்டம்" என்றாள். அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. மதியம் வீட்டுக்குப் போனதும் சாமி படத்துக்குக் கீழே இருந்த உறையை எடுத்து பீரோவுக்குள் வைத்துவிட்டாள்.

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு மேல்விஷாரம் போனேன். என் பழைய முதலாளி பாய்க்கு அந்தக் கல்லூரி நிர்வாகத்தில் ஆள் தெரியும். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். இப்போது டேனரியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள். இவர் ஆபீசில் உட்கார்ந்து டீ குடிப்பதையும் எல்லாரையும் கிண்டல் செய்வதையும் பார்த்துக்கொள்கிறார்.

"வா மேஸ்திரி. இன்னா, தொப்ப ஜாஸ்தியாயிடுச்சு, முடி கம்மியாயிடுச்சு?"

"உங்க கண்ணு மட்டும் அப்படியே இருக்குது பாய்."

டீயும் சமோசாவும் வந்தன. விஷயத்தைச் சொன்னேன். கல்லூரிப் பெயரைக் கேட்டதும் பாய் சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டார்.

"அந்தக் காலேஜா? அதுல போயா பொண்ண சேக்கற? அதுக்கு நான் எட்டு இல்ல போட்டேன்!"

"உங்களுக்கும் போன் வந்துச்சா பாய்?"

"வந்துச்சே. ஒரு பொண்ணு. லா காலேஜுக்கு மார்க் போடுங்கன்னு. அவங்க பில்டிங் கட்டறப்ப என் தோஸ்து ஒருத்தன் ஜல்லி இறக்கினான், ஆறு மாசம் அலைய விட்டாங்க. தூக்கி எட்டுல போட்டேன்."

"நான் ஒம்போது போட்டேன் பாய்."

"பாத்தியா! உனக்கும் தெரிஞ்சிருக்குது."

"அப்பறம் எப்படி பாய் அது மேல வந்துச்சு? நம்ம ரெண்டு பேருமே கீழ தள்ளியிருக்கோமே?"

பாய் தாடியைத் தடவினார். "மத்தவங்க எல்லாம் நல்லதா போட்டிருப்பாங்க. நமக்கு இன்னா தெரியும்?" என்றார். அவரும் என்னைப் போலவேதான் நினைத்திருக்கிறார்.

என் மகள் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாமா, கவர்மெண்ட் காலேஜுக்கு எவ்ளோ போட்டீங்க?"

"ரெண்டும்மா. ஒண்ணே போடலாம். நான் லேசுல யாருக்கும் ஒண்ணு போட மாட்டேன்."

"நைனா, நீங்க?"

"ஒண்ணு."

"ஒண்ணுன்னா?"

"ஒண்ணுன்னா ஒண்ணுதான்!" என்று நானும் பாயும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிப் போனேன். பார்த்தால், சிரிப்பு. மூச்சு விட முடியாமல் சிரிக்கிறாள்.

"நைனா... மாமா... பத்துக்கு மார்க்கு! பள்ளிக்கூடத்துல போடற மாதிரி. பத்துதான் மேல. ஒண்ணுன்னா ஃபெயிலு!"

பாயிடம் காட்ட நான் கொண்டுவந்திருந்த மேகசீனை அவள் பிடுங்கி, கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை வாசித்துத் தமிழில் சொன்னாள். பத்து என்பது மிக உயர்ந்த மதிப்பு. வேலை கொடுப்போர் கருத்து, இந்தப் பகுதிக்கு, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை தோல் தொழில் நிறுவனங்களிடம் கேட்டுப் பெறப்பட்டது.

"வேற யார்கிட்டயும் கேக்கலியா?" என்றேன்.

"இந்தப் பக்கத்துக்கு உங்கள மட்டும்தான் நைனா."

பாய்க்குச் சந்தேகம் தீரவில்லை. ஆம்பூரில் எங்களுக்குத் தெரிந்த இன்னொரு டேனரிக்காரருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"லா காலேஜுக்கு மார்க் கேட்டு போன் வந்துச்சா உனக்கு?"

"வந்துச்சு பாய். கவர்மெண்ட் காலேஜுக்கு ஒண்ணு போட்டேன். என் தம்பி மவன் அங்கதான படிச்சான்."

"அந்த இன்னொரு காலேஜுக்கு?"

"ரிஜக்சன் பாய். பத்து."

பாய் போனை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "யா அல்லா! மேஸ்திரி, ரிஜக்சன் சரக்க எல்லாம் சேந்து டாப்ல அடுக்கிட்டோம்யா! அவன் பேனர் வேற வெச்சிட்டான்யா!" சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. என் மகள் எழுந்து போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "அவங்க புஸ்தகத்துலயே முதல் காலேஜுக்கு ஒண்ணுன்னுதான போட்டிருக்காங்க? அவங்க வரிசை ஒண்ணுல ஆரம்பிக்கும், நம்ம மார்க்கு மட்டும் பத்துல ஆரம்பிக்கணுமா? இது இன்னா கணக்கு?" என்று கேட்டேன். இன்றைக்கும் அதற்கு யாரும் எனக்குச் சரியான பதில் சொல்லவில்லை.

கோபம் இறங்கியதும், உள்ளே ஜிலுஜிலுவென்று ஒரு சந்தோஷம் ஊறியது. எந்தப் படித்தவர்கள் கருத்துக்குப் பயந்து என் கண்ணைத் தள்ளி வைத்தேனோ, அந்தப் படித்தவர்கள் நாங்கள்தான். என் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. தலைகீழாக அச்சடித்தது அவர்கள்.

அங்கேயே உட்கார்ந்து மேகசீனில் இருந்த நம்பருக்கு மகளை போன் போடச் சொன்னேன். ஓர் ஆள் எடுத்தார். நடந்ததைச் சொன்னேன்.

"சார், ஸ்கோர் எல்லாம் வெரிஃபை பண்ணிட்டுதான் போட்டிருக்கோம்."

"யாரு வெரிஃபை பண்ணது?"

"சிஸ்டம் சார்."

"அந்த சிஸ்டத்துக்கு தோல் தெரியுமா?"

அவருக்குப் புரியவில்லை. அடுத்த வருடம் திருத்திக்கொள்ளலாம் என்றார். அதற்கு அடுத்து, "சார், நீங்க இண்டஸ்ட்ரியலிஸ்ட்டா? எங்க தொழில் சிறப்பிதழ்ல உங்க கம்பெனி பத்தி ஒரு முழுப் பக்க விளம்பரம் போடலாமே?" என்றார். பாய் கையை ஆட்டி, 'வெச்சிடு, வெச்சிடு' என்றார். வைத்துவிட்டேன்.

திரும்பி வரும்போது காரை நானே ஓட்டினேன். ஆற்காடு ரோட்டில் வண்டிகள் நெரிசலாக இருந்தன. கொஞ்ச தூரம் போனதும், "வெள்ளிக்கெழம எத்தன மணிக்குப் போகணும்?" என்றேன்.

"எங்க?"

"எங்கயா? உன் காலேஜுக்குத்தான்."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "புக்ல ரேங்க் பாத்து மனசு மாறினீங்க. இப்ப அந்த ரேங்க் தப்புன்னு தெரிஞ்சு மாறினீங்க. நான் சொன்னதுக்காக ஒரு தடவயாவது மாறினீங்களா நைனா?"

"நீ சொன்னதும் ஒரு காரணம்தான்."

"பொய்."

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் வண்டியை இறக்கினேன். "பொய்தான்" என்றேன். "ஆனா அந்தத் தொழிலாளர் கேஸ் மேடம் இன்னா சொன்னாங்க, முழுசா சொல்லு. அன்னிக்கு நான் சரியா கேக்கல."

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்த பிறகும் அவள் பேசிக்கொண்டிருந்தாள். எந்தக் கோர்ட்டில் எந்த நாள் தொழிலாளர் வழக்கு வரும், சம்பளப் பாக்கி வழக்கு எத்தனை காலம் இழுக்கும், அதைச் சுருக்க அந்த மேடம் என்ன வழி வைத்திருக்கிறார் என்று. என் மனைவி வெளியே வந்து, "உள்ள வந்து சண்ட போடுங்க, தெருவே பாக்குது" என்றாள். சண்டை இல்லை என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பீரோவிலிருந்து உறை வெளியே வந்தது. கல்லூரியில் மரத்தடியில் நல்ல கூட்டம். அரக்கோணத்திலிருந்து முதல் ரயில் பிடித்து வந்தவர்கள், லாரி ஓட்டுகிறவர், நிலக்கடலை போட்டிருக்கும் விவசாயி, எல்லாரும் கையில் ஆளுக்கொரு உறையோடு. என் மகள் உள்ளே வரிசையில் நின்றாள். எனக்குப் பக்கத்தில் சிமெண்ட் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பையனைச் சேர்க்க வந்தவர். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏங்க, இந்தக் காலேஜ் ரேங்க்ல எல்லாம் ரொம்பக் கீழன்னு சொல்றாங்களே. புக்ல போட்டிருக்குதாம். நீங்க கேள்விப்பட்டீங்களா?"

"கேள்விப்பட்டேன்" என்றேன். "அந்த ரேங்க் போட்டவங்கள எனக்கு நல்லாத் தெரியும். நீங்க தைரியமா சேருங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நிம்மதியாக வெற்றிலையை மடித்தார்.

அவள் இப்போது போய் வந்துகொண்டிருக்கிறாள். மாலையில் அந்த மேடத்திடம் போகிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கொடுக்கிற ஆர்டரைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படித்தாள். பேனாவால் ஓர் இடத்தில் கோடு போட்டாள். சொல்லாமல் நின்றுவிட்டால் அந்த மாதச் சம்பளம் கிடையாது என்று நாங்கள் காலங்காலமாகப் போட்டு வருகிற வரி.

"இது செல்லாது நைனா."

"எல்லாக் கம்பெனியிலயும் இருக்குதே?"

"எல்லாக் கம்பெனியிலயும் செல்லாது. வேல செஞ்ச நாளுக்கு சம்பளத்தக் குடுத்துதான் ஆகணும்."

அண்ணன்மார் இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கொஞ்சம் யோசித்தேன். திங்கட்கிழமை அந்த வரியை எடுத்துவிட்டுப் புது ஆர்டர் அடிக்கச் சொன்னேன். மேல்விஷாரத்துப் பாய்க்கும் விஷயம் போய்விட்டது. நேற்று போன் செய்தார். "மேஸ்திரி, உன் பொண்ண ஒரு நாள் இங்கயும் அனுப்பு. எங்க ஆர்டர்ல இன்னா இன்னா செல்லாதுன்னு பாக்கட்டும். கேஸ் வர்றதுக்கு முன்னாடி நம்ம வீட்டு வக்கீல் சொன்னா கௌரவம்" என்றார்.

அவளுக்குப் பரீட்சை இருக்கிறது, முடிந்ததும் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.